முதியோர் பராமரிப்பில் இயந்திரமும் மனித நேரமும்: அவுஸ்திரேலியா தரும் படிப்பினைகள்

மனிதனின் ஆயுட்காலத்தை நீடிப்பதில் மருத்துவ விஞ்ஞானம் கடந்த நூற்றாண்டில் ஈட்டிய வெற்றி அளப்பரியது. ஆனால், நீடிக்கப்பட்ட அந்த ஆண்டுகளை மனிதர் எவ்வாறு வாழ்ந்து முடிக்கின்றனர் என்ற வினாவிற்கு வசதி படைத்த நாடுகளாலும் திருப்தியான விடையைக் கூற முடியாதிருக்கின்றது. முதுமையுடன் மறதிநோய், பார்கின்சன் நோய், பக்கவாதம், மனநலக் குறைபாடு என்பனவும் சேர்ந்து கொள்ளும்போது சாதாரண பராமரிப்பு போதுமானதாக இருப்பதில்லை. விசேட அறிவும் பயிற்சியும் உடையவர்களின் சேவை தேவைப்படுகின்றது. அத்தகையோர் எங்கும் போதியளவில் இல்லை.

இப்பற்றாக்குறையைத் தொழில்நுட்பத்தினால் ஈடுசெய்ய முடியுமா? அல்லது பராமரிப்புப் பணியாளர்களின் கடமைகளையும் ஒழுங்கமைப்பையும் மாற்றியமைப்பதுதான் வழியா? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோருக்கு அவுஸ்திரேலியாவின் அண்மைக்கால அனுபவம் பயனுள்ள பாடமாகும். அந்நாட்டின் முதியோர் பராமரிப்பு குறைபாடற்றது என்பது இதற்குக் காரணமன்று. தனது குறைபாடுகளைப் பகிரங்கமாக விசாரித்து, எழுத்தில் பதிவு செய்து, சட்டத்தின் மூலம் திருத்த முற்பட்டிருக்கின்றது என்பதே காரணமாகும்.

ஓக்டன் முதல் அரச ஆணைக்குழு வரை

தென் அவுஸ்திரேலிய மாநிலத்தின் தலைநகரான அடிலெய்ட்டின் புறநகர்ப் பகுதியான ஓக்டனில் முதியோருக்கான மனநலப் பராமரிப்பு நிலையமொன்றை மாநில அரசு நடத்தி வந்தது. கடுமையான மறதிநோயினாலும் மனநோயினாலும் பாதிக்கப்பட்டு, ஏனைய இல்லங்களால் பராமரிக்க முடியாதிருந்தவர்கள் அங்கு தங்கவைக்கப்பட்டிருந்தனர். விசேட பராமரிப்பு என்ற பெயரில் இயங்கிய அந்நிலையத்தில் நோயாளர் கட்டுப்படுத்தி வைக்கப்பட்டமையும், மருந்து வழங்குவதில் பாரதூரமான தவறுகள் இழைக்கப்பட்டமையும் ஒரு குடும்பத்தினர் 2016 இல் செய்த முறைப்பாட்டைத் தொடர்ந்து வெளிச்சத்திற்கு வந்தன. மாநிலத்தின் தலைமை மனநல வைத்தியரின் அறிக்கை 2017 ஏப்ரலில் வெளியாகியது. அதே ஆண்டில் நிலையம் மூடப்பட்டது. இதில் கவனிக்க வேண்டிய விடயம் யாதெனில், அந்நிலையம் அதுவரை மத்திய அரசின் தர அங்கீகாரத்தைப் பெற்றே வந்திருந்தது. ஆவணங்களில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. படுக்கையருகில் மாத்திரமே ஒழுங்கு இருக்கவில்லை.

ஓக்டன் எழுப்பிய அதிர்ச்சியும் அதனைத் தொடர்ந்து வெளிவந்த ஏனைய தகவல்களும் 2018 ஒக்டோபரில் முதியோர் பராமரிப்பின் தரமும் பாதுகாப்பும் பற்றிய அரச ஆணைக்குழு அமைக்கப்பட வழிவகுத்தன. 2019 ஒக்டோபரில் வெளியான அதன் இடைக்கால அறிக்கைக்கு ‘புறக்கணிப்பு’ என்ற ஒற்றைச் சொல்லே தலைப்பாக இடப்பட்டது. பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட எழுத்துமூலச் சமர்ப்பணங்களைப் பரிசீலித்த ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை 148 பரிந்துரைகளுடன் 2021 மார்ச் 1 ஆம் திகதி பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. முதியோர் பராமரிப்புச் சேவைகளைப் பெறுவோரில் குறைந்தபட்சம் மூவரில் ஒருவர் தரக்குறைவான பராமரிப்பை அனுபவித்துள்ளார் என்பது ஆணைக்குழுவின் கணிப்பாகும்.

இந்நிலைக்குப் பணியாளர் பிரச்சினையே பிரதான காரணமென ஆணைக்குழு இனங்கண்டது. 1997 ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்புச் சட்டம் ‘போதிய எண்ணிக்கையிலான, தகுந்த திறனுடைய’ பணியாளர் இருத்தல் வேண்டுமெனக் கூறியதே தவிர, எத்தனை பேர் என்பதைக் கூறவில்லை. காலப்போக்கில் பதிவுபெற்ற தாதியரின் விகிதம் குறைந்து, குறுகிய காலப் பயிற்சி பெற்ற பராமரிப்பு உதவியாளர்களின் விகிதம் அதிகரித்தது. 2020 இல் முதியோர் இல்லங்களில் நேரடிப் பராமரிப்பில் ஈடுபட்டோரில் ஏறத்தாழ 70 வீதத்தினர் இத்தகைய உதவியாளர்களாவர். இல்லங்களில் வாழ்வோரில் அரைவாசிக்கும் அதிகமானோர் மறதிநோய் உடையவர்கள். ஆகவே, மிகவும் சிக்கலான பராமரிப்பு, மிகவும் குறைந்த பயிற்சியும் மிகவும் குறைந்த ஊதியமும் பெற்றவர்களின் கைகளில் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

சட்டமாக்கப்பட்ட நிமிடங்கள்

ஆணைக்குழுவின் பரிந்துரைகளுள் மிகவும் எளிமையானதும், அதேவேளை மிகவும் ஆழமானதும் பராமரிப்பை நிமிடங்களில் அளக்க வேண்டும் என்பதாகும். இதன் பிரகாரம் 2023 ஒக்டோபர் 1 ஆம் திகதி முதல் முதியோர் இல்லத்தில் வாழும் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 200 நிமிட நேரடிப் பராமரிப்பு வழங்கப்பட வேண்டுமெனவும், அதில் 40 நிமிடம் பதிவுபெற்ற தாதியருடையதாக இருக்க வேண்டுமெனவும் கட்டாயப்படுத்தப்பட்டது. 2024 ஒக்டோபர் 1 ஆம் திகதி முதல் இது 215 நிமிடமாகவும், தாதியரின் பங்கு 44 நிமிடமாகவும் உயர்த்தப்பட்டது. சமையல், சலவை, துப்புரவு என்பவற்றிற்குச் செலவாகும் நேரம் இக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. அதற்கு முன்னதாகவே, 2023 ஜூலை 1 ஆம் திகதி முதல் ஒவ்வொரு இல்லத்திலும் இருபத்துநான்கு மணிநேரமும் பதிவுபெற்ற தாதி ஒருவர் கடமையில் இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

நிமிடம் என்பது எல்லோருக்கும் ஒரே அளவினதன்று. 2022 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய நிதியளிப்பு முறையின் கீழ் சுயாதீன மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொரு முதியவரையும் நேரில் கண்டு, அவரது தேவைகளுக்கேற்ப 13 வகுப்புகளுள் ஒன்றில் சேர்க்கின்றனர். கடும் தேவையுடையோர் அதிகமாக வாழும் இல்லத்திற்குக் கூடுதல் நிதியும் கூடுதல் நிமிட இலக்கும் விதிக்கப்படுகின்றன. இல்லங்களின் நிலை நட்சத்திரத் தரவரிசை மூலம் பொதுமக்களுக்கு வெளியிடப்படுகின்றது. ஊதியமும் புறக்கணிக்கப்படவில்லை. பராமரிப்புத் தொழிலின் பெறுமதி நீண்டகாலமாகக் குறைத்து மதிப்பிடப்பட்டு வந்ததை ஏற்றுக்கொண்ட நியாய வேலை ஆணைக்குழுவின் தீர்ப்பின் மூலம் 2023 ஜூன் 30 ஆம் திகதி முதல் நேரடிப் பராமரிப்புப் பணியாளருக்கு 15 வீத ஊதிய உயர்வு கிடைத்தது.

எல்லா இல்லங்களும் இவ்விலக்குகளை எட்டிவிடவில்லை என்பது உண்மையே. தாதியரைத் தேடிப் பிடிப்பது தூரப் பிரதேசங்களில் பெரும் சவாலாகவே உள்ளது. எனினும், 215 நிமிடம் என்ற அளவுகோல் ஒரு முக்கிய மாற்றத்தை ஏற்படுத்தியிருக்கின்றது. எந்தவொரு புதிய இயந்திரம் அறிமுகப்படுத்தப்படும்போதும், ‘இது முதியவருக்குரிய நிமிடங்களைக் கூட்டுகின்றதா, குறைக்கின்றதா?’ என வினவுவதற்கான அடிப்படை அதனால் கிடைத்திருக்கின்றது. தொழில்நுட்பத்தை எடைபோடுவதற்கு இதனைவிடச் சிறந்த தராசு வேறில்லை.

தொழில்நுட்பம் கைகொடுக்கும் இடங்கள்

மறதிநோயாளர் தமது வலியைச் சொல்ல இயலாதவர்கள். பல்வலியோ மூட்டுவலியோ அவர்களிடம் கூச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படுகின்றது. அதனை ‘நடத்தைக் கோளாறு’ எனத் தவறாகக் கருதி உறக்க மருந்தோ மனநோய் மருந்தோ கொடுத்துவிடுவது பழைய வழக்கம். இதற்குப் பரிகாரமாக மேற்கு அவுஸ்திரேலியாவின் கேர்ட்டின் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்விலிருந்து ‘பெயின்செக்’ என்னும் கைத்தொலைபேசிச் செயலி உருவானது. தொலைபேசியின் கமரா முதியவரின் முகத்தைச் சில விநாடிகள் நோக்கி, வலியுடன் தொடர்புடைய ஒன்பது நுண்ணிய தசை அசைவுகளைத் தேடுகின்றது. அதன்பின் குரல், உடலசைவு, நடத்தை முதலியவை பற்றிய வினாக்களுக்குப் பராமரிப்பாளர் விடையளிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே வலியின் அளவு கணிக்கப்படுகின்றது. பராமரிப்பாளரை நீக்கிவிட்டு இச்செயலி இயங்குவதில்லை என்பதும், அவரது கண்ணைக் கூர்மையாக்குவதே அதன் பணி என்பதும் கவனத்திற்குரியன.

மருந்துப் பட்டியலைக் கணினிமயப்படுத்தியமையும் பயனளித்திருக்கின்றது. முதியோர் இல்லவாசிகளில் பலர் நாளொன்றுக்கு ஒன்பதோ அதற்கு மேற்பட்டோ மருந்து வகைகளை உட்கொள்கின்றனர். கையெழுத்துப் பட்டியலில் ஒரு மருந்தைத் தவறவிடுவதும் இருமுறை கொடுப்பதும் எளிதில் நிகழக்கூடியவை. வைத்தியர், மருந்தாளர், தாதி ஆகிய மூவரும் ஒரே மின்னியல் பட்டியலைப் பார்க்கும்போது தவறுகள் குறைவதுடன், தொலைநகல் அனுப்பியும் தொலைபேசியில் விசாரித்தும் தாதியர் விரயமாக்கிய நேரமும் மீதமாகின்றது.

மூன்றாவது, தொலைமருத்துவமாகும். மெல்பேர்ண் நகரில் 2020 இல் தொடங்கப்பட்டு, பின்னர் விக்டோரியா மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட மெய்நிகர் அவசர சிகிச்சைப் பிரிவு இதற்குச் சிறந்த உதாரணமாகும். இல்லத்தில் ஒரு முதியவர் விழுந்தாலோ திடீரெனக் காய்ச்சலுற்றாலோ, காணொளி மூலம் அவசர சிகிச்சை வைத்தியருடன் உடனடியாகத் தொடர்பு கொள்ளலாம். முன்னர் இத்தகையோர் நள்ளிரவில் அம்புலன்ஸில் ஏற்றப்பட்டு, வைத்தியசாலையின் தள்ளுகட்டிலில் பல மணிநேரம் காத்திருந்து, இடமும் முகமும் தெரியாது மேலும் குழம்பிப்போவார்கள். அத்தகைய அவதியைத் தவிர்க்க முடிந்தமை சாதாரண விடயமன்று. ஆயினும், காணொளியின் மறுமுனையில் இருக்கும் வைத்தியரால் நாடியைத் தொட்டுப் பார்க்க முடியாது. படுக்கையருகில் பயிற்சிபெற்ற தாதி ஒருவர் நிற்கும் இல்லத்தில்தான் தொலைமருத்துவமும் மருத்துவமாக இருக்கும்.

எச்சரிக்கை மணிகளின் இரைச்சல்

தொழில்நுட்பம் தவறிய இடங்களும் உண்டு. ஓக்டனிலிருந்து வெளியேற்றப்பட்ட முதியோர் நோர்த்கேட் இல்லம் என்னும் மற்றொரு நிலையத்திற்கு மாற்றப்பட்டனர். மீண்டும் அத்தகைய கொடுமை நிகழாதிருப்பதை உறுதி செய்யும் நோக்கில் அந்த இல்லத்திலும் மற்றுமொரு அரச இல்லத்திலும் செயற்கை நுண்ணறிவுடன் கூடிய கண்காணிப்புக் கமராக்களைத் தென் அவுஸ்திரேலிய அரசு 2021 முதல் பரீட்சித்துப் பார்த்தது. ஒருவர் விழுதல், உதவி கோரிக் கூச்சலிடுதல் போன்றவற்றைக் கமரா தானாகவே இனங்கண்டு பணியாளருக்குச் செய்தி அனுப்பும் என எதிர்பார்க்கப்பட்டது. ஓராண்டு காலத்தில் 12 ஆயிரத்திற்கும் மேற்பட்ட தவறான எச்சரிக்கைகள் வந்து குவிந்தன. அவற்றைச் சரிபார்த்தே சலித்துப்போன பணியாளர்கள், ஒரு முதியவர் உண்மையிலேயே விழுந்த சந்தர்ப்பத்தில் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதிருந்ததும் மதிப்பீட்டு அறிக்கையில் பதிவாகியது. முதியவரைக் காக்க வந்த கருவி, பணியாளரின் நிமிடங்களையே தின்றுவிட்டது.

இது அவுஸ்திரேலியாவிற்கு மாத்திரம் உரிய அனுபவமன்று. இத்துறையில் இயந்திர மனிதனை அதிகம் நம்பிய நாடு ஜப்பானாகும். அங்குள்ள முதியோர் இல்லமொன்றில் தங்கியிருந்து ஆய்வு செய்த ஜேம்ஸ் ரைட் என்னும் ஆய்வாளர், 2023 இல் வெளியான தமது நூலில் இதேபோன்ற முடிவிற்கே வந்துள்ளார். முதியோரைத் தூக்கும் இயந்திரம், சீல் குட்டியின் உருவில் அமைந்த ‘பாரோ’, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ‘பெப்பர்’ ஆகிய மூன்றையும் அவர் அங்கு அவதானித்தார். அவற்றை நகர்த்துவதற்கும், துப்புரவாக்குவதற்கும், மின்னேற்றுவதற்கும், முதியவர் அவற்றைக் கையாளும்போது அருகிருந்து பார்ப்பதற்கும் பணியாளர் தேவைப்பட்டனர். வேலை குறையவில்லை, வேலையின் தன்மைதான் மாறியது. கருவி வாங்குவதற்கு மானியம் வழங்கும் அரசுகள், அதனை இயக்கும் மனிதருக்கு வேண்டிய நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதே இவ்விரு அனுபவங்களும் உணர்த்தும் பாடமாகும்.

முதியவரைத் தேடிச் செல்லும் நிபுணத்துவம்

ஆகவே, பணியாளர் ஒழுங்கமைப்பில் அவுஸ்திரேலியா மேற்கொண்ட மாற்றங்கள் கருவிகளிலும் பார்க்க அதிக கவனத்திற்குரியவை. முதியவரை நிபுணரிடம் கொண்டு செல்வதற்குப் பதிலாக, நிபுணத்துவத்தை முதியவர் இருக்கும் இடத்திற்குக் கொண்டு வருவதே அவற்றின் அடிப்படையாகும்.

மறதிநோயுடன் கடும் நடத்தை மாற்றம் ஏற்பட்டவர்களைப் பராமரிக்க முடியாது தடுமாறும் இல்லங்களுக்கு உதவும் பொருட்டு, 2015 நவம்பர் முதல் விசேட துரித உதவிக் குழுக்கள் இயங்கி வருகின்றன. இரவு பகலாக இயங்கும் தொலைபேசி இலக்கத்திற்கு அழைத்தால், தாதியரும் ஏனைய துறைசார் ஆலோசகரும் நேரில் வருவர். தேவையேற்படின் முதியோர் மனநல வைத்தியரின் ஆலோசனையும் பெறப்படும். அவர்கள் முதலில் மருந்தை எழுதுவதில்லை. அந்த மனிதர் முன்னர் யாராக இருந்தார், எப்போது கலவரமடைகின்றார், எங்கேனும் வலிக்கின்றதா, பணியாளர் அவரை எவ்வாறு அணுகுகின்றனர் என்றே விசாரிக்கின்றனர். கவனிக்கப்படாத வலியும் பராமரிப்பாளரின் அணுகுமுறையுமே பெரும்பாலும் காரணங்களாக இருப்பதை இக்குழுக்களின் அனுபவம் காட்டியுள்ளது. இவ்வாறும் கட்டுப்படுத்த முடியாத மிகக் கடுமையான நிலையிலுள்ளோருக்காக 2019 முதல் சிறிய விசேட பிரிவுகள் திறக்கப்பட்டுள்ளன. நோயாளர் நிலை சீரானதும் சாதாரண இல்லத்திற்குத் திரும்புவதே அவற்றின் நோக்கமாகும்.

மருந்தாளரின் பணியை விரிவாக்கியமையும் பயன் தந்தது. தஸ்மேனியா பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2014 முதல் 2016 வரை 150 முதியோர் இல்லங்களில் ஒரு திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டது. மருந்துப் பாவனையைக் கணினி மூலம் கணக்கிட்டு, அதன் முடிவை அந்த இல்லத்தின் பணியாளருக்கே காட்டி, மருந்தாளரும் தாதியும் வைத்தியரும் கூடி ஒவ்வொருவரின் மருந்தையும் மீளாய்வு செய்வதே அதன் வழிமுறை. மனநோய் மருந்து வழக்கமாக உட்கொள்வோரின் விகிதம் 21.6 வீதத்திலிருந்து 18.9 வீதமாகக் குறைந்தது. உறக்கமும் அமைதியும் தரும் பென்சோடயசெபீன் வகை மருந்துகளை உட்கொள்வோரின் விகிதம் 22.2 வீதத்திலிருந்து 17.6 வீதமாகக் குறைந்தது. புதிய இயந்திரம் எதுவும் இங்கு வாங்கப்படவில்லை. இருந்த தகவலை உரியவர் முன்வைத்து, பேசுவதற்கு நேரம் ஒதுக்கப்பட்டது, அவ்வளவுதான். 2024 ஜூலை முதல் இல்லங்களிலேயே பணிபுரியும் மருந்தாளருக்கு மத்திய அரசு நிதி வழங்குகின்றது.

இதைப் போன்றே, மேற்பட்டப் படிப்பும் நீண்ட அனுபவமும் பெற்று, நோயை நிர்ணயிக்கவும் மருந்து எழுதவும் சட்டபூர்வ அதிகாரம் பெற்ற ‘நேர்ஸ் பிரக்டிஷனர்’ எனப்படும் தாதியரும் வைத்தியர் அரிதாக வரும் இல்லங்களில் பெரும் இடைவெளியை நிரப்புகின்றனர்.

தெரிந்த முகத்தின் பெறுமதி

2020 இல் கொவிட் தொற்றின்போது மெல்பேர்ணின் வடபகுதியிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் நடந்தது இந்நாட்டின் நினைவிலிருந்து எளிதில் அழியாது. தொற்றாளருடன் தொடர்புற்றிருந்தனர் என்ற காரணத்தினால் அங்கு பணிபுரிந்தோர் அனைவரும் ஒரே நாளில் தனிமைப்படுத்தப்பட்டு, அவர்களுக்குப் பதிலாக வெளியிலிருந்து பணியாளர் வரவழைக்கப்பட்டனர். யார் எவர், எவருக்கு எந்த மருந்து, எவரால் தாமாக உண்ண முடியாது என்பதை அறிந்தவர் எவரும் அங்கு இருக்கவில்லை. அந்த இல்லத்தில் 50 முதியோர் உயிரிழந்தனர். அவர்களுள் 45 பேரின் மரணத்திற்குக் கொவிட் காரணமாகியது. ஒரு முதியவரைப் பற்றிப் பணியாளர் தம் மனதில் சுமந்திருக்கும் அறிவு, எந்தக் கோப்பிலும் முழுமையாகப் பதியப்படுவதில்லை என்பதை அந்நிகழ்வு கொடூரமாக நிரூபித்தது.

இந்த அறிவைப் பேணுவதே புதிய ஒழுங்கமைப்புகளின் நோக்கமாகும். தஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் 2020 இல் திறக்கப்பட்ட ‘கொரொங்கி’ மறதிநோய்க் கிராமத்தில் எட்டுப் பேர் கொண்ட பன்னிரண்டு வீடுகள் உள்ளன. நெதர்லாந்தின் ‘ஹோக்வேக்’ கிராமம் இதற்கு முன்னோடி. நீண்ட நடைகூடங்களில் பணியாளர் மாறி மாறி வந்துபோகும் முறைக்குப் பதிலாக, சிறிய வீட்டில் ஒரே பணியாளர்கள் ஒரே முதியவர்களுடன் சமைத்து, உண்டு, வாழ்கின்றனர்.

வீட்டில் வாழும் முதியோரைப் பொறுத்தவரை நெதர்லாந்தின் மற்றுமொரு முயற்சி உலகளவில் பேசப்படுகின்றது. 2006 இல் யோஸ் டி புளொக் என்ற தாதி உத்தியோகத்தர் தொடக்கிய ‘பூர்ட்சோர்க்’ அமைப்பில், ஆகக்கூடியது பன்னிரண்டு தாதியர் கொண்ட குழுக்கள் தத்தமது அயற்பகுதிக்குப் பொறுப்பாக இயங்குகின்றன. மேலதிகாரிகள் இல்லை. நேர அட்டவணையையும் வேலைப் பங்கீட்டையும் குழுவே தீர்மானிக்கின்றது. பத்தாயிரம் அளவிலான தாதியரைக் கொண்ட அமைப்பு மிகச்சிறிய தலைமையகத்துடன் இயங்க முடிவதற்கு, பதிவு, கணக்கு, தகவல் பரிமாற்றம் ஆகியவற்றைச் சுமக்கும் அதன் கணினி முறைமையே காரணம். இங்கு கணினி தாதியை மேற்பார்வை செய்யவில்லை, தாதியின் எழுத்துவேலையைத் தன்மீது ஏற்றுக்கொண்டது. தொழில்நுட்பமும் பணியாளர் ஒழுங்கமைப்பும் ஒன்றுக்கொன்று துணைநின்ற அரிய உதாரணம் இதுவாகும்.

தாய்மொழிக்குத் திரும்பும் முதுமை

அவுஸ்திரேலிய அனுபவத்தில் தமிழரைத் தொடும் பக்கமொன்றும் உண்டு. 2021 ஆம் ஆண்டின் சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு 95 ஆயிரத்திற்கும் அதிகமானோர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். போர்க்காலத்தில் புலம்பெயர்ந்து, பின்னர் பெற்றோரையும் அழைத்துக்கொண்ட தலைமுறையினர் தாமே இப்போது முதுமையை எட்டிக்கொண்டிருக்கின்றனர். மறதிநோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழியே எஞ்சுகின்றது. நாற்பது ஆண்டுகள் ஆங்கிலத்தில் அலுவல் பார்த்தவரும் ஒருநாள் ‘தண்ணி’ என்று மாத்திரமே கேட்கக்கூடும். அதனை விளங்கிக்கொள்ள அருகில் ஒருவர் இல்லாவிடின் தாகமும் நடத்தைக் கோளாறாகப் பதிவாகிவிடும்.

இருபத்துநான்கு மணிநேர தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையை அந்நாட்டு அரசு நீண்டகாலமாக நடத்தி வருகின்றது. வைத்தியருடனான உரையாடலுக்கு அது பேருதவி. ஆனால், குளிப்பாட்டும் வேளையிலும் உணவூட்டும் வேளையிலும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அங்கு தேவைப்படுவது அம்மொழி பேசும் ஒரு மனிதர்தான். 2025 நவம்பர் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம், முதியவரின் பண்பாட்டையும் மொழியையும் மதிக்கும் பராமரிப்பை அவரது உரிமைகளுள் ஒன்றாகக் கூறுகின்றது. இருமொழி அறிந்த பணியாளரைச் சலுகையாகக் கருதாது, விசேட தகைமை உடையவராகக் கருதி ஊதியம் வழங்கும்போதே அவ்வுரிமை நடைமுறையாகும்.

எமக்கான படிப்பினை

இலங்கையில் 65 வயதிற்கு மேற்பட்டோர் 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் சனத்தொகையின் 7.9 வீதமாக இருந்தனர். 2024 ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் அது 12.6 வீதமாக உயர்ந்துள்ளது. மேலைநாடுகள் செல்வத்தைத் தேடிக்கொண்ட பின்னர் முதுமையடைந்தன. நாமோ செல்வத்தைத் தேடிக்கொள்வதற்கு முன்னரே முதுமையடைந்து வருகின்றோம். அத்துடன், எமது தாதியரும் பயிற்றப்பட்ட பராமரிப்பாளரும் பிற நாட்டு முதியோரைப் பராமரிக்கச் செல்கின்றனர். பராமரிப்புப் பணியாளர் உட்பட விசேட திறனுடைய தொழிலாளரை அனுப்புவதற்கு ஜப்பானுடன் இலங்கை 2019 ஜூனில் உடன்படிக்கை செய்துகொண்டது. வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைகள் எல்லோரும் கடல்கடந்து வாழ, பெரிய வீட்டில் தனித்திருக்கும் பெற்றோர் பலர். பிள்ளைகள் பணம் அனுப்புகின்றனர். கைத்தொலைபேசியில் முகம் பார்க்கின்றனர். இடறி விழுந்தவரைத் தூக்கிவிட அத்தொலைபேசியால் இயலாது.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத முதியோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோருவதற்கு வழிவகுத்தது. பிள்ளை அருகில் இருக்கும் சமூகத்திற்கு அது பொருந்தும். பிள்ளை தொலைவில் இருக்கும் சமூகத்திற்குப் பணியாளரை உருவாக்கும் திட்டமே தேவை. அவ்விடயத்தில் நாம் வெறுங்கையினர் அல்லர். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்ட காலந்தொட்டு வளர்ந்த கிராமியச் சுகாதாரக் கட்டமைப்பில், குடும்பநல உத்தியோகத்தர் ஒவ்வொரு கர்ப்பிணித் தாயையும் வீடு தேடிச் சென்று பார்த்தார். இலங்கை குறைந்த செலவில் தாய் சேய் மரணத்தைக் கட்டுப்படுத்திய வரலாற்றில் அவருக்குத் தனியிடம் உண்டு. ‘பூர்ட்சோர்க்’ தாதியரின் அயற்குழு முறையை எமது மூதன்னையர் முன்பே அறிந்திருந்தனர் எனக் கூறினும் தவறாகாது. பிறப்பிற்குக் கிடைத்த அந்த வீடுதேடும் சேவையை முதுமைக்கும் விரிவாக்குவதே எமக்கேற்ற வழியாகும். மாவட்ட வைத்தியசாலையிலுள்ள மனநல, முதியோர் நல நிபுணர்களுடன் அப்பணியாளரைக் காணொளி மூலம் இணைப்பதற்குத் தொழில்நுட்பம் போதுமானது. அதற்கு விலையுயர்ந்த இயந்திர மனிதன் எவனும் வேண்டியதில்லை.

அவுஸ்திரேலியா பெருந்தொகைப் பணத்தையும், அதனிலும் பெறுமதியான பல உயிர்களையும் இழந்தே இப்பாடங்களைக் கற்றுக்கொண்டது. கமராவும் செயலியும் கணினியும் முதியவரின் அருகில் செலவிடப்படும் நேரத்தை மீட்டுத் தருமாயின் அவை வரவேற்கப்பட வேண்டியவை. மீட்கப்பட்ட நேரம் ஆட்குறைப்பிற்கும் செலவுக் குறைப்பிற்கும் செல்லுமாயின், அவை புறக்கணிப்பின் நவீன வடிவங்களாகவே அமையும். எமது நாட்டில் முதியோர் இல்லங்களும் தனியார் பராமரிப்பு நிறுவனங்களும் பெருகத் தொடங்கியுள்ள இவ்வேளையிலேயே, முதியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை நிமிடங்கள், எத்தகைய பயிற்சி பெற்றவரிடமிருந்து கிடைத்தல் வேண்டும் என்பதைச் சட்டத்தில் எழுதிவைப்பது அவசியமாகும். கருவிகளை அதன் பின்னர் வாங்கிக்கொள்ளலாம்.